காலி நிலம் என்று யார் சொன்னது?

2015 டிசம்பர் முதல் வாரத்தைச் சென்னையில் கழித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கரன்ட் போனது, செல்போன் செத்தது, பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். பாதிக் கதைகளில் ஒரு படகு வரும். கடலில் ஓட வேண்டிய ஃபைபர் படகு லாரியில் ஏறி வந்து, வேளச்சேரியிலும் கோட்டூர்புரத்திலும் தெருவுக்குள் இறங்கியது. ஓட்டி வந்தவர்கள் குப்பங்களின் மீனவர்கள்.

எங்கள் தெருவுக்கு அந்தப் படகு வந்தபோது நான் மொட்டை மாடியில் நின்றிருந்தேன். மோட்டாரைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். தண்ணீருக்கடியில் கார் கிடக்கிறதா, காம்பவுண்டுச் சுவர் இருக்கிறதா என்று தெரியாத இடத்தில் மோட்டாரை ஓட்டினால் இறக்கை போய்விடும். முன்னால் நின்ற பையன் மூங்கில் கழியை ஊன்றித் தடவித் தடவி வழி சொன்னான். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். எந்த மூலையில் சுழிக்கிறது, எந்தச் சந்து இழுக்கிறது என்பதில்தான் அவர் கண் இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் குடியிருந்த எனக்கு, எங்கள் தெரு கிழக்கே சரிந்து போகிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் படகை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். மாநாடுகளிலும் அறிக்கைகளிலும் அடிக்கடி அடிபடும் இரண்டு தொடர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: ஒன்று சமூகக் காலநிலைச் செயல்பாடு, மற்றது பழங்குடிச் சூழல் தலைமை. பெயர் பல்லை உடைக்கும். விஷயம் நமக்குப் புதிதில்லை.

முதலில் காலநிலையைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து நாம் காற்றில் ஏற்றும் கரியமில வாயு, வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பூமி சூடாகிறது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்தால் கொட்டித் தீர்ப்பதற்கு அது ஒரு காரணம். அதற்காகச் சென்னையின் ஒவ்வொரு வெள்ளத்தையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஏரிக்குள் வீடு கட்டிய கணக்கு தனி. இரண்டும் சேர்ந்துதான் இந்த ஊரை 2015-ல் மூழ்கடித்தன. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி இடுப்பளவுத் தண்ணீர்.

இதற்குச் செய்ய வேண்டியவை இரண்டு வகை. புகையைக் குறைப்பது தணிப்பு. வந்துவிட்ட மாற்றத்தோடு உயிரும் பிழைப்பும் போகாமல் வாழ வழி பண்ணிக்கொள்வது தகவமைப்பு. அனல்மின் நிலையத்தை மூடுவது முதல் வகை; தெருவுக்குள் வந்த படகு இரண்டாவது வகை. ஒரு சதுப்பு நிலத்தைக் காப்பாற்றினால் இரண்டுமே நடக்கிறது: சேறு கரியைப் பிடித்து வைக்கிறது, பள்ளம் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது.

சரி, இதில் 'சமூக' என்ற சொல் எங்கே வருகிறது?

குடிமராமத்து என்றால் புரிந்துவிடும்

நம்மிடம் இதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. குடிமராமத்து. ஏரியைத் தூர்வார, கரையைக் கட்ட, மதகைச் சரிபார்க்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரே மண்வெட்டியோடு இறங்குவது. யாருடைய வயலுக்கு அந்தத் தண்ணீர் பாய்கிறதோ அவர்களே வேலையும் செய்தார்கள். பொதுப்பணித் துறை வந்து ஏரிகள் அரசு வசம் போன பிறகு இந்தப் பழக்கம் தேய்ந்தது. தேய்வதைப் பார்த்து, வெள்ளைக்காரர்கள் 1858-ல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்றைப் போட்டு ஊர்க்காரர்களை இழுத்துவரப் பார்த்தார்கள். முடிவைத் தன் கையில் எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் உன்னிடம் கேட்டால் நீ வருவாயா? அவர்களும் வரவில்லை. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு தூர்வாரும் திட்டத்தை ஆரம்பித்தது. பெயர் திரும்பி வந்தது, பொக்லைனும் வந்தது.

சமூகச் செயல்பாடு எது, வெறும் நிகழ்ச்சி எது என்று பிரித்துப் பார்க்க நான் மூன்று கேள்வி கேட்பேன். பிரச்சினை இதுதான் என்று சொன்னது யார்? வேலை செய்தது யார்? வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது? ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, பேனருக்கு முன்னால் நின்று நூறு கன்று நட்டுவிட்டுப் போவது கெட்ட காரியம் இல்லை. ஆனால் அந்த இடத்தில்தான் வலை காயப்போடுகிறோம் என்று அங்கே இருப்பவர்கள் சொல்ல வாய்ப்பே இல்லாமல் போனால், மூன்றாவது கேள்வியில் அது தோற்றுவிடும். நடைமுறையில் பெரும்பாலான திட்டங்கள் மூன்றாவதில்தான் தோற்கின்றன.

பழையது எல்லாம் பொன் என்று நினைத்துவிடக் கூடாது. குடிமராமத்தில் மண் சுமந்த கைகள் எந்தத் தெருவைச் சேர்ந்தவை, தண்ணீர் முதலில் யார் வயலுக்குப் போனது என்று பார்த்தால் சாதியின் கணக்கு அப்படியே தெரியும். ஊர் என்றால் ஊர் மட்டுமா, சேரியும் சேர்ந்ததா என்ற கேள்வியைக் கடைசி வரை கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீலகிரி வரை போக வேண்டாம்

பழங்குடி என்றதும் நமக்கு நீலகிரியோ ஜவ்வாது மலையோதான் ஞாபகம் வரும். உலக அளவில் இந்தச் சொல்லுக்கு ஒரே வரையறை கிடையாது. 2007-ல் ஐ.நா. சபை பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஏற்றபோதுகூட வரையறை எதையும் எழுதவில்லை. பொதுவாக, பின்னால் வந்த அரசுகளுக்கும் குடியேறியவர்களுக்கும் முன்பிருந்தே ஒரு நிலத்தில் வாழ்ந்து, அந்த நிலத்தோடு சேர்த்தே தங்களை அடையாளம் சொல்லிக்கொள்கிறவர்கள் என்று புரிந்துகொள்ளலாம். இந்தியா அந்தப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. அதே மூச்சில், இந்தியர் எல்லாருமே இந்த மண்ணின் பூர்வகுடிகள்தான் என்றும் சொல்லி வைத்தது. நம் சட்டத்தில் இருப்பது பட்டியல் பழங்குடியினர் என்ற பிரிவு. அதற்குள் இன்னும் நலிந்த நிலையில் இருப்பவர்கள் என்று தமிழ்நாட்டில் ஆறு சமூகங்களைத் தனியாகக் குறித்திருக்கிறார்கள். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர்.

கடைசியாக வரும் இருளரைப் பார்க்க மலை ஏற வேண்டாம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில், சென்னையின் விளிம்பைச் சுற்றி அவர்கள் இருக்கிறார்கள். எண்ணூர், பழவேற்காடு பக்கம் கழிமுகத்தில் இறால் பிடிக்கிறார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் ஓர் இடம் இருக்கிறது. முதலையைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் தவறாமல் பார்க்க வேண்டும். இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்புத் தோல் வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அந்தத் தோலுக்காகப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, பின்னாலேயே தோல் ஏற்றுமதிக்குத் தடையும் வந்தது. பாம்புக்கு நல்லது, பிடித்தவன் வீட்டில் அடுப்பு அணைந்தது. ரோமுலஸ் விட்டேக்கர் என்ற ஊர்வன ஆய்வாளர் துணை நிற்க, 1978-ல் இருளர்கள் சேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிப்பவர்களுக்கு விற்பது என்று ஏற்பாடு.

வேலை நடக்கிற விதம் இது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகை. பிடித்து வந்த பாம்பை மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி அடுக்கி வைப்பார்கள். மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, அதற்குள் நான்கு தடவை விஷம் எடுப்பார்கள். ரப்பர் கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பைப் பாம்பு கடிக்கும், சொட்டு விழும். அப்புறம் வயிற்றுச் செதிலில் ஒரு சின்ன வெட்டு. சட்டை உரிக்க உரிக்க அந்த அடையாளம் மெல்ல மறையும். மறுபடி யாராவது அதே பாம்பைப் பிடித்துவிட்டால் செதிலைப் பார்த்து விட்டுவிடலாம் என்பதற்காகத்தான் அந்த வெட்டு. அதன் பிறகு காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

இதுதான் நான் புரிந்துகொண்ட தலைமை. சட்டம் 'பிடிக்காதே' என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. எந்தப் பொந்தில் எந்தப் பாம்பு, வரப்பில் கிடக்கும் தடம் இன்றையதா நேற்றையதா என்று தெரிந்தவர்களிடம் பொறுப்பைக் கொடுத்ததும், அதே திறமை பாம்பையும் காப்பாற்றியது, கடிபட்ட மனிதரையும் காப்பாற்றியது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க உள்ளூர்க்காரர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது வந்த பிறகுதான் நாம் பெயரைத் தெரிந்துகொண்டோம் என்பது நம் லட்சணம்.

மீனவர்கள் பழங்குடியா? சட்டப்படி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் உலகக் காலநிலைப் பேச்சுகளில் 'பழங்குடிகளும் உள்ளூர்ச் சமூகங்களும்' என்று இருவரையும் சேர்த்தே சொல்வது வழக்கம். 2015 பாரிஸ் மாநாட்டில் அந்தப் பெயரிலேயே ஒரு தனி மேடையும் உருவானது. ஒரு நிலத்தை, ஒரு கடலைத் தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்கள் என்பதுதான் சேர்த்ததற்குக் காரணம். படித்தவர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நாம் காற்று என்ற ஒரே சொல்லில் கடந்துபோவதை அவர்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று திசை வைத்துப் பிரிக்கிறார்கள். கச்சான் அடித்தால் வெயில் ஏறும், கடலின் நிறமும் குணமும் மாறும், அன்றைக்கு எந்த வலை, எவ்வளவு தூரம் என்பதும் மாறும். இந்தக் காற்று வர வேண்டிய மாதத்தில் வரவில்லை என்று அவர்கள் சொன்னால், அது ஓர் அளவீடு. வானிலை நிலையத்தின் கருவியும் அதைத்தான் செய்கிறது. கருவி பொய்த்தால் அன்றைக்கு அடுப்பெரியாமல் போவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

புறம்போக்கு

சென்னையில் ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் கைவசம் உள்ள சொற்களில் இது ஒன்று. வேலை வெட்டி இல்லாதவன், எதற்கும் உதவாதவன். ஆனால் வருவாய்த் துறைக் கணக்கில் புறம்போக்கு என்பது வரிவிதிப்புக்குப் புறம்பாக ஒதுக்கி வைத்த நிலம். ஏரி, குளம், மேய்க்கால், மந்தைவெளி, கடற்கரை, சுடுகாடு. தனியாருக்குப் பட்டா கிடையாது, அதனால் ஊருக்கே பொது. வரி வராத நிலம் வெள்ளைக்காரன் கண்ணுக்கு உதவாக்கரையாகத் தெரிந்தது. நமக்கும் அந்தக் கண்ணாடியே பழகிவிட்டது. தி.நகரில் பட்டுப்புடவை வாங்கப் போகிறவர்கள் நடப்பது மாம்பலம் ஏரியின் மேல்தான். 1920-களில் ஏரியைத் தூர்த்து அந்த நகரை எழுப்பினார்கள். பள்ளிக்கரணையைப் பழைய ஆட்கள் கழுவெளி என்பார்கள். கோப்புகளில் அது தரிசு. குப்பை கொட்டினோம், கட்டடம் கட்டினோம், சாலை போட்டோம். மிஞ்சியதில் சுமார் 1,247 ஹெக்டேர் 2022-ல் ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். நேற்று வரை தரிசு.

'காலி நிலம்' என்ற இந்தச் சொல் ரொம்ப ஆபத்தானது. ஆஸ்திரேலியாவில் 1788-ல் குடியேறிய பிரிட்டிஷார், பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த ஒரு கண்டத்தையே யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று வைத்துக்கொண்டார்கள். அது தப்பு என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 1992 வரை ஆனது. எடி மாபோ என்ற தீவுக்காரர் தொடுத்த வழக்கு அது.

அதே ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்ன்ஹெம் லேண்டில் நடப்பது, பழங்குடித் தலைமை காலநிலைக்கு என்ன செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம். அங்குள்ள பழங்குடிகள் வறட்சிக் காலத்தின் ஆரம்பத்தில், புல்லில் இன்னும் ஈரம் இருக்கும்போதே, அங்கங்கே சின்னச் சின்னதாகத் தீ வைப்பார்கள். இரவுப் பனியில் அது தானே அணையும். கருகிய திட்டுகள் இடையிடையே கிடப்பதால், பிறகு கோடை உச்சத்தில் இடி விழுந்து பற்றும் பெருந்தீயால் தாண்டிப் போக முடியாது. மக்களை நிலத்திலிருந்து கிளப்பிய பிறகு இந்தச் சின்னத் தீ நின்றது, பெருந்தீ பெருகியது. 2006-லிருந்து பழங்குடிக் காவலர்கள் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெருந்தீ குறைந்ததால் காற்றில் ஏறாமல் போன மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் கணக்கிட்டு, அதற்குப் பணமும் பெறுகிறார்கள். காலி என்று சொல்லப்பட்ட நிலத்தில், தீ வைப்பதற்குக்கூட நாள் நட்சத்திரம் பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

இனி எண்ணூர். கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகம் அது. உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் இடம், இறால் குஞ்சு வளரும் இடம், மழைக்காலத்தில் வடசென்னையின் வடிகால். அதைச் சுற்றித்தான் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், எண்ணெய், உரம், ரசாயனம் எல்லாம். குழாய்கள் ஒழுகி ஒழுகி நிலக்கரிச் சாம்பல் ஆற்றடியில் படிந்தது. படகு மிதந்த இடத்தில் ஆள் நடக்கலாம் என்றாகிவிட்டது. இங்கே காலி நிலக் கதை வேறு ரூபத்தில் வந்தது. 1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் கழிமுகம் இருந்தது. பின்னால் புழக்கத்துக்கு வந்த வரைபடத்தில் அதைக் காணவில்லை. ஓர் ஆற்று முகத்தைத் தாளில் அழித்துவிட்டால், அந்த இடத்தில் எதையும் கட்டலாம். மீனவர்களும் அவர்களோடு நின்ற செயற்பாட்டாளர்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கேட்டுப் பழைய வரைபடத்தை வெளியே எடுத்தார்கள். கிணற்றைக் காணோம் என்று வடிவேலு புகார் கொடுத்ததைப் பார்த்துச் சிரித்தோம். இவர்கள் ஆற்றைக் காணோம் என்று நிஜமாகவே புகார் கொடுத்தார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்துக்குள் வந்தது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் இறகு என்று எல்லாவற்றிலும் தார் பூசினாற்போல் கறுப்பு. அதை அள்ளியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கிராமங்களின் மீனவர்களே. பக்கெட், முறம், குவளை, பலரிடம் கையுறைகூட இல்லை. டிவியில் அதைப் பார்த்துவிட்டு 'மீனவர்களின் மனவலிமை' என்று நெகிழ்ந்தவர்கள் உண்டு. எனக்கு அந்த நெகிழ்ச்சியில் கொஞ்சம் ஒவ்வாமை இருக்கிறது. வேறு யாரோ கொட்டியதை நீ அள்ள வேண்டியிருப்பதைச் சமூகச் செயல்பாடு என்று பாராட்டக் கூடாது. முதல் இரண்டு கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. மூன்றாவது கேள்வியை அவர்களிடம் யாருமே கேட்டதில்லை.

பாடு

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. அங்கே மீனவர்களிடம் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் இறால் வலை கட்ட எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் நன்றாக விழும். எல்லாரும் அங்கேயே போனால் அடிதடிதான். அதனால் உரிமையுள்ள குப்பங்கள் தங்களுக்குள் தலைக்கட்டுப் பட்டியல், அதாவது குடும்பத் தலைவர்களின் பட்டியல் வைத்து, எந்த நாள் யாருக்கு எந்த இடம் என்று முறை போட்டுக்கொள்கின்றன. இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. முறை தவறினால் பஞ்சாயத்து, அபராதம். எழுதப்படாத இந்தச் சட்டம் தலைமுறைகளாக ஓடுகிறது.

பொதுச்சொத்து என்றால் ஆளாளுக்குச் சுரண்டித் தீர்த்துவிடுவார்கள், அரசோ தனியாரோ எடுத்துக்கொண்டால்தான் பிழைக்கும் என்று பொருளாதாரத்தில் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியில்லை, பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்று உலகம் முழுக்க உதாரணங்களைச் சேகரித்துக் காட்டிய எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. பாடு அந்த ரகத்துக்கு நல்ல சாட்சி.

ஆனால் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்? அதே ஏரியில் கையால் இறால் தடவும் இருளருக்குப் பாடு கிடையாது. தலைக்கட்டு என்றால் ஆண்தான். மீனை விற்றுக் காசாக்கும் பெண்களுக்கு அந்தப் பஞ்சாயத்தில் இடம் கிடையாது. உள்ளூர்ச் சமூகம் முடிவெடுக்கட்டும் என்று நாம் சொல்லும்போது, அந்தச் சமூகத்துக்குள் யாருடைய குரல் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்டால் இயக்கம் பலவீனமாகும் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். உலகின் பல்லுயிர் வளத்தில் 80 சதவீதம் பழங்குடிகளின் நிலத்தில்தான் இருக்கிறது என்று ஒரு வாசகத்தை எங்கும் பார்ப்பீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது என்று 2024-ல் 'நேச்சர்' இதழில், பழங்குடி ஆய்வாளர்களையும் உள்ளடக்கிய ஒரு குழுவே எழுதிவிட்டது. உறுதியான எண்களே போதுமான அளவு பெரியவை: உலக மக்கள்தொகையில் பழங்குடிகள் சுமார் 6 சதவீதம்; உலக நிலப்பரப்பில் குறைந்தது கால் பங்கு அவர்களுடைய உரிமையிலோ பராமரிப்பிலோ இருக்கிறது. அப்படியிருக்க ஊதிப் பெருக்குவானேன்? 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகளும் அறக்கட்டளைகளும் சேர்ந்து பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் 170 கோடி டாலர் தருவதாக வாக்குக் கொடுத்தன. முதல் ஆண்டு கொடுத்ததில் அவர்களுடைய அமைப்புகளின் கைக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது 7 சதவீதம். மீதி இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

வேண்டாம் என்று சொல்ல ஓர் இடம்

மூன்றாவது கேள்விக்கு இந்தியாவில் ஒரு தடவை தெளிவான பதில் கிடைத்தது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்ட ஒரு பெரிய நிறுவனம் வந்தது. அந்த மலையைத் தெய்வமாகக் கும்பிடும் டோங்ரியா கோந்த் மக்கள் எதிர்த்தார்கள். மலை வேண்டுமா, சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006-ன் வன உரிமைச் சட்டம் கொடுத்த பலம் அது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

சென்னை மாநகராட்சிக்குள் இருக்கும் மீனவக் குப்பத்துக்குக் கிராம சபை கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, சட்டத்தின் கண்ணுக்கு அது தெரியாது. பெரிய திட்டம் வந்தால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று ஒன்று செய்ய வேண்டும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006 அறிவிக்கை சொல்கிறது. கருத்துக் கேட்பார்கள், சம்மதம் கேட்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது. அந்த விதிகளை மாற்ற 2020-ல் வந்த வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியானது. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்துப் போடுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. எண்ணூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில் வலை பின்னுகிறவர் தன் கடலைப் பற்றிய விதியைத் தமிழில் படிக்க, டெல்லியில் வழக்கு நடந்தது.

நகரவாசிகளுக்குப் பகுதி சபை என்று ஒன்று வந்திருப்பது பலருக்குத் தெரியாது. 2022-ல் விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. கவுன்சிலர் தலைமையில் கூடும், யாரும் போய்ப் பேசலாம். தெருவிளக்கும் குப்பை வண்டியும்தான் பேச்சாக இருக்கிறது என்பது நிஜம். பள்ளிக்கரணைக்குப் போகும் கால்வாயை அடைத்தது யார் என்றும் அங்கே கேட்கலாம். மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு நாள் எண்ணூர் போய் வாருங்கள். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல். எண்ணூர் ஸ்டேஷன் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வருவதற்குள் ரயில் ஆற்றைக் கடக்கும். ஜன்னல் ஓரம் இருந்தால் புகைபோக்கிகளும் அலையாத்திப் பச்சையும் ஒரே சட்டத்துக்குள் தெரியும். தண்ணீர் வற்றுகிற நேரமாக அமைந்தால் இருளர் பெண்கள் நாலைந்து பேர் மார்பளவில் நின்றுகொண்டிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் தடவிக்கொண்டிருக்கும். பிடித்த இறாலைப் போட ஒரு பறி, பின்னியது. கை காலியாக இல்லாததால் அதன் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். ரயிலிலிருந்து பார்த்தால் தலைகள் மட்டும் மிதப்பதுபோல் இருக்கும். நான் முதல் தடவை அந்தப் பக்கம் போனபோது, ஆற்றில் யாருமே இல்லை என்றுதான் நினைத்தேன்.